பயணிகள் கப்பல் பாதுகாப்பு ஒத்திகை

பயணிகள் கப்பல் பாதுகாப்பு ஒத்திகை என்பது உல்லாசப் பயணக் கப்பல்களிலும் பிற பயணிகள் கப்பல்களிலும் ஏறும் பயணிகளுக்கு, ஆபத்து நேரும்போது எங்கு செல்வது, என்ன செய்வது என்பதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்கும் நடைமுறை ஆகும். தீப்பிடித்தல், மோதல், தரைதட்டுதல், கப்பலினுள் நீர் புகுதல் ஆகியவை இவ்வாறு கருதப்படும் ஆபத்துகளுள் முதன்மையானவை. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பன்னாட்டுப் பயணங்களில் இவ்வொத்திகையை நடத்துவது கப்பலின் கடமை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை இதனை வலியுறுத்துகின்றது. சோலாசு என்னும் சுருக்கப் பெயராலேயே இவ்வுடன்படிக்கை பெரிதும் அறியப்படுகின்றது.

கப்பல் ஒத்திகை என்றதும் படகில் ஏறிக் கடலில் இறங்குவதே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பயணிகளுக்கான ஒத்திகையில் எவரும் படகில் இறக்கப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்துக்குத் தாமே வழி கண்டு வந்து சேர்வதும், வந்தவர்கள் எண்ணப்படுவதுமே இதன் மையம்.

பெயர்

ஆங்கில வழக்கில் இது மஸ்டர் டிரில் எனப்படும். மஸ்டர் என்னும் சொல் ஆட்களை ஒன்றுதிரட்டிக் கணக்கெடுப்பதைக் குறிக்கும் படைத்துறைச் சொல். தமிழ்நாட்டில் கட்டட வேலைகளிலும் ஊராட்சிப் பணிகளிலும் வழங்கும் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. கப்பலிலும் அதன் பொருள் மாறவில்லை. பயணிகள் திரளும் இடம் மஸ்டர் நிலையம், அதாவது ஒன்றுகூடுமிடம். பணியாளர்களின் அவசரகாலக் கடமைகளைக் குறிக்கும் பட்டியலுக்கும் மஸ்டர் பட்டியல் என்றே பெயர்.

நடைமுறை

பயணி கப்பலில் ஏறும்போது தரப்படும் அறை அட்டையில் அவருக்குரிய ஒன்றுகூடுமிடத்தின் எண் அல்லது எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். அது திறந்த தளத்தில் உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே அமைந்த இடமாகவோ, உணவுக்கூடம், நாடக அரங்கு போன்ற உள்ளிடமாகவோ இருக்கலாம். அறைக் கதவின் உட்புறத்திலும் அவ்விடத்துக்குச் செல்லும் வழி வரையப்பட்டிருக்கும்.

ஒத்திகை நேரத்தில் பொது அபாய ஒலி எழுப்பப்படும். இவ்வொலி ஏழோ அதற்கு மேற்பட்டோ எண்ணிக்கையுள்ள குறுகிய ஒலிகளையும், அவற்றைத் தொடர்ந்து வரும் ஒரு நீண்ட ஒலியையும் கொண்டது. உலகின் எந்தப் பயணிகள் கப்பலிலும் இவ்வடையாளம் ஒன்றே. இது "கப்பலைக் கைவிடுங்கள்" என்று பொருள்படாது. "உங்கள் இடத்துக்கு வாருங்கள்" என்பதே இதன் பொருள். கப்பலைக் கைவிடும் ஆணையைக் கப்பல் தலைவர் மட்டுமே பிறப்பிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாத பயணி, ஒலி கேட்டவுடன் படகை நோக்கி ஓடுவார். அல்லது நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று எண்ணி அறையிலேயே இருந்துவிடுவார். இரண்டுமே ஆபத்தானவை.

ஒலி கேட்டதும் பயணிகள் மின்தூக்கிகளைத் தவிர்த்துப் படிக்கட்டுகள் வழியே இறங்கியோ ஏறியோ தம் இடத்தை அடைய வேண்டும். படிக்கட்டு முனைகளில் நிற்கும் பணியாளர்கள் வழிகாட்டுவர். ஒன்றுகூடுமிடத்தில் ஒவ்வொருவரின் அட்டையும் சரிபார்க்கப்படும். வராதவர்களின் பெயர்கள் அழைக்கப்படும். உண்மையான ஆபத்தின்போது அவர்களுடைய அறைகள் சோதிக்கப்படும். எண்ணிக்கை முழுமை பெறாவிட்டால் தீக்குள்ளோ புகைக்குள்ளோ ஆள் தேடிச் செல்லும் வேலை பணியாளர் மேல் விழுகின்றது. உடம்பு சரியில்லை, தூக்கம் வருகின்றது, முன்பே பத்து முறை பயணம் செய்தாயிற்று எனக் காரணம் காட்டி ஒத்திகையைத் தவிர்ப்பவர்களைப் பல நிறுவனங்கள் மறுமுறை அழைக்கின்றன. அதற்கும் இணங்காதவர்களைத் துறைமுகத்திலேயே இறக்கிவிடுவதும் உண்டு. எண்ணிக்கைக்கு உள்ள மதிப்பை நோக்கினால் இது மிகையான கடுமை அன்று.

உயிர்காப்பு மேலங்கி

கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு மேலங்கி இருத்தல் வேண்டும். இவற்றுக்கு மேலாக, பயணிகள் எண்ணிக்கையில் குறைந்தது பத்து விழுக்காட்டு அளவில், அல்லது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று கிடைக்கும் அளவில், குழந்தைகளுக்கான மேலங்கிகளும் வைக்கப்பட வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தனி அளவு உண்டு. பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு அணிவித்தால், நீரில் விழும்போது குழந்தை அங்கியிலிருந்து நழுவிவிடக்கூடும் என்பதால் இவ்விதி முக்கியமானது. குழந்தையுடன் செல்வோர் ஏறிய அன்றே கேட்டுப் பெற வேண்டிய பொருள் இது.

முற்காலத்தில் மேலங்கிகள் அறைகளிலேயே வைக்கப்பட்டன. பயணிகள் அவற்றை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தனர். இதில் இரு குறைகள் இருந்தன. ஆபத்து நேரும்போது பயணி அறையில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. மேலங்கியை எடுக்க அவர் புகை சூழ்ந்த கீழ்த்தளத்துக்கு இறங்க நேரிடும். மேலும், கையில் எடுத்துவரும் அங்கிகளின் பட்டைகள் படிக்கட்டில் தொங்கிப் பின்வருவோரை இடறச் செய்யும். ஆகவே 2009 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் முதலான பெரிய கப்பல்களில் மேலங்கிகள் ஒன்றுகூடுமிடங்களிலேயே வைக்கப்பட்டன.

மேலங்கியில் ஒரு சீழ்க்கையும் ஒரு சிறு விளக்கும் இணைக்கப்பட்டிருக்கும். உயரத்திலிருந்து குதிக்க நேர்ந்தால் ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, மறு கையால் அங்கியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். இவ்வாறு செய்யாவிட்டால் நீரில் மோதும் வேகத்தில் அங்கி மேலெழுந்து தாடையைத் தாக்கக்கூடும்.

உயிர்காப்புப் படகுகள்

நீண்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலின் ஒவ்வொரு பக்கத்திலும் மொத்த ஆட்களில் பாதிப் பேருக்கு இடமளிக்கும் படகுகள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒரு பகுதிக்கு ஈடாகக் காற்றடைத்து விரியும் மிதவைகளைப் பயன்படுத்த அனுமதி உண்டு. இவற்றுக்கு மேல், மொத்த ஆட்களில் இருபத்தைந்து விழுக்காட்டினருக்குக் கூடுதல் மிதவைகளும் வேண்டும். பயணிகள் மேலங்கி அணிந்து கூடியபின், கைவிடும் ஆணை பிறந்ததிலிருந்து முப்பது நிமிடங்களுக்குள் அனைத்துப் படகுகளும் முழு ஆட்களுடன் இறக்கப்படக் கூடியனவாக இருத்தல் வேண்டும். இந்த முப்பது நிமிடக் கணக்கு கூடியபின் தொடங்குகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். கூடுவதற்கு ஆகும் நேரம் இதில் சேராது. அதனைக் குறைப்பதற்கே ஒத்திகை.

படகுகள் போதுமான அளவில் இருந்தாலும் அவை அனைத்தும் பயன்படும் என்று சொல்லமுடியாது. 1956 ஆம் ஆண்டில் ஆன்ட்ரியா டோரியா என்னும் இத்தாலியக் கப்பல் மோதலுக்குள்ளாகி ஒருபுறம் சாய்ந்தபோது, உயர்ந்த பக்கத்தில் இருந்த படகுகளை இறக்க இயலாமல் போயிற்று. கப்பல் சாயச் சாயப் படகுகளை இறக்குவது கடினமாகும் என்பதால், தாமதமின்றிக் கூடுவதே பயணிகளின் கையில் உள்ள பாதுகாப்பு.

படகு இறக்குவது தன்னளவிலேயே ஆபத்து நிறைந்த வேலை. 2013 பிப்ரவரியில் கேனரித் தீவுகளில் தாம்சன் மெஜஸ்டி என்னும் கப்பலில் பணியாளர்களுக்கான ஒத்திகை நடந்தபோது கம்பிவடம் அறுந்து படகு கடலில் விழுந்தது. ஐந்து பணியாளர்கள் இறந்தனர். பயணிகளைப் படகில் ஏற்றி ஒத்திகை நடத்தாததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

"பெண்களும் குழந்தைகளும் முதலில்" என்பது கடற்சட்டம் என்று பரவலாக நம்பப்படுகின்றது. பன்னாட்டு உடன்படிக்கையில் அவ்வாறான விதி எதுவும் இல்லை.

பணியாளர்களின் பங்கு

உல்லாசக் கப்பலின் பணியாளர்களுள் பெரும்பாலோர் மாலுமிகள் அல்லர். சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, இசை, கடை ஆகிய வேலைகளில் இருப்போரே மிகுதி. தமிழ்நாட்டில் உணவக மேலாண்மை படித்து இத்தகைய வேலைகளுக்குச் செல்லும் இளைஞர்கள் பலர். ஆயினும் மஸ்டர் பட்டியலில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை குறிக்கப்பட்டிருக்கும். காலையில் தோசை சுட்டவர் மாலையில் படிக்கட்டு முனையில் நின்று கூட்டத்தை நெறிப்படுத்துபவராக இருக்கலாம். இதனால் கடற்பணியில் சேரும் முன்பே அனைவரும் உயிர்தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டியுள்ளது. 852 பேரைப் பலிகொண்ட 1994 ஆம் ஆண்டின் எசுத்தோனியா கப்பல் விபத்துக்குப் பின்னர், பயணிகள் கப்பல் பணியாளர்களுக்குக் கூட்டத்தைக் கையாளும் பயிற்சியும் பன்னாட்டு விதிகளில் இடம்பெற்றது.

பயணிகளுக்கு ஒத்திகை பயணத்துக்கு ஒருமுறை. பணியாளர்களுக்கோ கைவிடல் ஒத்திகையும் தீயணைப்பு ஒத்திகையும் வாரந்தோறும் நடைபெறும்.

விதிகளின் வரலாறு

இத்துறையின் விதிகள் பெரும்பாலும் விபத்துகளுக்குப் பின்னரே எழுதப்பட்டவை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். அதிலிருந்த இருபது படகுகளில் 1,178 பேருக்கு மட்டுமே இடமிருந்தது. படகுப் பற்றாக்குறை பலரும் அறிந்த செய்தி. இருந்த இடங்களும் நிரம்பவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் இறக்கப்பட்ட படகு 65 பேரைத் தாங்கக்கூடியது. அதில் ஏறத்தாழ 28 பேரே இருந்தனர். பயணிகளுக்குப் படகு ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. எங்கே செல்வது என்பதும், பெருங்கப்பலை விட்டுச் சிறு படகில் ஏன் இறங்க வேண்டும் என்பதும் பலருக்கு விளங்கவில்லை. இவ்விபத்தின் விளைவாக 1914 ஆம் ஆண்டில் முதல் சோலாசு உடன்படிக்கை உருவாயிற்று. முதல் உலகப் போரால் அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1929, 1948, 1960 ஆகிய ஆண்டுகளில் புதிய வடிவங்கள் வந்தன. 1974 இல் ஏற்கப்பட்டு 1980 இல் நடைமுறைக்கு வந்த வடிவமே பல திருத்தங்களுடன் தொடர்கின்றது.

இவ்வுடன்படிக்கை நெடுங்காலம் ஒரு சலுகையை அளித்து வந்தது. பயணிகள் ஏறி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒத்திகையை நடத்தினால் போதும் என்பதே அது. முதல்நாள் விருந்துக்கும் களிப்புக்கும் இடையூறின்றி மறுநாள் ஒத்திகை வைத்துக்கொள்ள இது இடமளித்தது.

2012 சனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் சீல்யோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் 4,229 பேர் இருந்தனர். அன்று மாலை சிவித்தாவேக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு ஒத்திகை மறுநாள் நடைபெறுவதாக இருந்தது. அதாவது, அக்கப்பல் விதியை மீறாமலேயே ஒத்திகை பெறாத 700 பேருடன் சென்றுகொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு மின்தடை என்று மட்டும் பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. கைவிடும் ஆணை வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்குள் கப்பல் சாயத் தொடங்கிவிட்டதால் சில படகுகளை இறக்கமுடியவில்லை. 32 பேர் இறந்தனர். கப்பல் தலைவருக்கு 2015 இல் பதினாறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவருடைய பிழை மிகப் பெரியது. எனினும் விதியிலும் ஓட்டை இருந்தது. அடுத்த மாதமே உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம், புறப்படும் முன்பே ஒத்திகை நடத்துவதைத் தன் உறுப்பினர்களுக்குரிய கொள்கையாக அறிவித்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2013 சூனில் உடன்படிக்கையைத் திருத்தியது. திருத்தம் 2015 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, புதிதாக ஏறிய பயணிகளுக்குக் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தப்பட வேண்டும்.

ஒன்றுகூடுவதன் பயன் படகேறுவதோடு முடிவதில்லை. 2019 மார்ச்சில் நார்வே கடற்கரையருகே வைக்கிங் ஸ்கை என்னும் கப்பல் கடும் புயலில் இயந்திரங்கள் நின்று தத்தளித்தபோது, படகுகளை இறக்குவது பேராபத்தாக இருந்தது. பயணிகள் ஒன்றுகூடுமிடங்களில் மேலங்கியுடன் காத்திருக்க, உலங்கு வானூர்திகள் 479 பேரை ஒவ்வொருவராகத் தூக்கிச் சென்றன. எஞ்சியோருடன் கப்பல் மறுநாள் கரை சேர்ந்தது.

தனித்தனி ஒத்திகை

கோவிட்-19 பெருந்தொற்றின்போது ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் நெருக்கி நிறுத்துவது இயலாததாயிற்று. ராயல் கரீபியன் நிறுவனம் 2020 சூலையில் மஸ்டர் 2.0 என்னும் முறையை அறிவித்தது. இதில் பயணி தம் கைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பாதுகாப்பு நிகழ்படத்தைப் பார்க்கின்றார். பின்னர், புறப்படும் நேரத்துக்கு முன்பு தமக்கு வசதியான வேளையில் ஒன்றுகூடுமிடத்துக்குச் சென்று அட்டையைப் பதிவு செய்கின்றார். வேறு நிறுவனங்களும் இதையொத்த முறைகளைக் கையாளத் தொடங்கின.

பயணிகளிடையே இம்முறைக்கு நல்ல வரவேற்பு உண்டு. வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நிகழ்படத்தைத் தம் மொழியில் பார்க்கவும் வாய்ப்புண்டு. ஆனால் இருநூறு பேர் ஒரே படிக்கட்டில் இறங்கும்போது எவ்வளவு நேரமாகும், முதியவர் ஒருவர் தயங்கி நின்றால் பின்னால் என்ன நேரும் என்பதைத் தனியாக நடந்துசென்று பதிவு செய்பவரால் அறியமுடியாது. அதனைப் பணியாளரும் அறிய வாய்ப்பில்லை. வழியை நேரில் ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும் என்னும் கட்டாயமாவது நீடிப்பது இம்முறையின் நற்கூறு.

தமிழர் கடற்பயணங்கள்

தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே நெடுங்காலம் பயணிகள் கப்பல்கள் ஓடின. 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆயிரக்கணக்கான தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. இத்தடத்தில் பின்னர் இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் கப்பல் ஓடியது. பிரான்சில் கட்டப்பட்டுப் பாஸ்டர் என்னும் பெயரில் முன்பு பணியாற்றிய கப்பல் அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் இக்கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் சிதம்பரம் சேவைக்குத் திரும்பவில்லை. சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அத்துடன் நின்றது. தமிழ்நாட்டில் கப்பற்பயணத்தைப் பட்டறிந்த தலைமுறையும் அதனுடன் முடிவுற்றது எனலாம். பின்னர் கப்பலேறிய பெரும்பாலோர் அபாய ஒலியை முதன்முறையாகக் கேட்பவர்கள்.

2011 சூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. சேத்தூர், இராசபாளையம், சிறீவில்லிபுத்தூர் போன்ற கடலில்லா ஊர்களுக்கு அண்மையில் உள்ள பெருந்துறைமுகம் தூத்துக்குடியே. அச்சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2022 சூனில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. 2023 சூனில் அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை இடையே 2023 அக்டோபரில் செரியபாணி என்னும் கப்பல் சில நாட்கள் ஓடியது. 2024 ஆகத்து 16 முதல் சிவகங்கை என்னும் கப்பல் அத்தடத்தில் சேவையைத் தொடங்கியது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரமே ஆகும். இருபத்து நான்கு மணி நேர எல்லைக்குள் அடங்கும் இத்தகைய பயணங்களுக்கு முழு ஒத்திகை கட்டாயமில்லை. ஆனால் பயணிகள் ஏறும்போதெல்லாம் பாதுகாப்பு விளக்கம் தரப்பட வேண்டும் என்று சோலாசு கூறுகின்றது. அவ்விளக்கம் பயணிகளுக்குப் புரியக்கூடிய மொழி அல்லது மொழிகளில் அமைய வேண்டும் என்பதும் அதே விதியின் பகுதி. அறையிலும் ஒன்றுகூடுமிடத்திலும் ஒட்டப்படும் குறிப்புகளும் உரிய மொழிகளில் இருக்க வேண்டும். இருகரையிலும் தமிழ் பேசப்படும் பாக்கு நீரிணைத் தடத்தில் இதன் பொருள் வெளிப்படை. ஒத்திகை இல்லாத குறும்பயணத்தில் அந்த ஓர் அறிவிப்பே பயணிக்குக் கிடைக்கும் முழுப் பயிற்சி. அது ஆங்கிலத்தில் மட்டும் ஒலித்தால், விதியின் எழுத்தும் நோக்கமும் ஒருங்கே தவறிப் போகும்.

உள்நாட்டு நீர்நிலைகள்

சோலாசு உடன்படிக்கை ஏரிகளிலும் அணைகளிலும் ஓடும் சுற்றுலாப் படகுகளுக்குப் பொருந்தாது. ஆயினும் ஒத்திகையும் விளக்கமும் இல்லாமையின் விளைவை இப்பகுதி மக்கள் அறிந்தது கடலில் அன்று. சிறீவில்லிபுத்தூர், இராசபாளையம், சேத்தூர் ஊர்களுக்கு மேற்கே எழும் மலைத்தொடரின் கேரளப் பக்கத்தில் தேக்கடி ஏரி உள்ளது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கு ஜலகன்யகா என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கத்தில் திரண்டதால் படகு நிலைகுலைந்தது. பயணிகள் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. அவ்விபத்துக்குப் பின்னரே தேக்கடிப் படகுகளில் மேலங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது.